மருளும் நாயும் மேயும் மந்தையும்

நகரங்களில் நாய் வளர்ப்போர் தொகை பெருகி வருவதை நாம் எல்லோரும் கண்கூடாகக் காண்கிறோம். நகரங்களும் தம் பழைய எல்லைகளைக் கடந்து வளர்ந்து, நேற்றுவரை சோளமும் கடலையும் விளைந்த நிலங்களின் விளிம்பை எட்டிவிட்டன. ஆதலின், விடியற்காலையில் நாயைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு வீட்டை விட்டுப் புறப்படுகிறவர் கால்மணி நேரத்திற்குள் தார்ச்சாலையை விட்டு இறங்கி, வண்டித் தடத்திலும் வரப்பிலும் நடக்கத் தொடங்கிவிடுகிறார். அங்கே காற்று தூயது. மோட்டார்களின் இரைச்சல் குறைவு. மனிதருக்கும் நாய்க்கும் அது நல்ல உலா. ஆயினும் அந்த இடம் பூங்கா அன்று. அது பிறருடைய பிழைப்பு நடக்கும் களம். நாம் உலவச் செல்லும் அதே வேளையில்தான் மாடும் எருமையும் ஆடும் மேய்ச்சலுக்குப் புறப்படுகின்றன.

2019-ஆம் ஆண்டில் எடுக்கப்பட்ட 20-ஆவது கால்நடைக் கணக்கெடுப்பின்படி நம் நாட்டில் 19 கோடிக்கு மேற்பட்ட மாடுகளும், ஏறத்தாழ 11 கோடி எருமைகளும், ஏறத்தாழ 15 கோடி வெள்ளாடுகளும், 7 கோடிக்கு மேற்பட்ட செம்மறி ஆடுகளும் இருந்தன. இவற்றுள் பெரும்பகுதி வேலியிட்ட பண்ணைகளில் மேய்வன அல்ல. தரிசிலும், ஏரிக்கரையிலும், அறுவடையான வயலிலும், சாலை ஓரத்திலும் மேய்வன. ஆகவே இந்த நாட்டில் எந்தத் திசையில் நடந்தாலும் கால்நடையைச் சந்திக்காமல் நெடுந்தூரம் போக இயலாது. துணிவுள்ள நாயோடு போவோருக்கே இது ஒரு சோதனை. மருளும் இயல்புடைய நாயோடு போவோருக்கோ இது நாள்தோறும் எழும் பிரச்சினை. அதைப் பற்றியே இன்று பேசக் கருதுகிறோம்.

மருளும் நாய் என்று நாம் எதைச் சொல்கிறோம்? மணியோசை கேட்டால் வாலை இடுக்கிக்கொள்வது. எதிரே பசு வந்தால் நின்ற இடத்தில் உறைந்துபோவது. குனிந்து ஒருவர் செருப்பைச் சரி செய்தாலும் கல்லெடுக்கிறார் என்று எண்ணிப் பதுங்குவது. தீபாவளிக்குப் பிறகு பல நாள் வாசற்படி தாண்ட மறுப்பது. இவை எல்லாம் அதன் அடையாளங்கள். தெருவில் பிறந்து, கல்லடிக்கு ஆளாகி, பின்னர் ஒரு வீட்டில் அடைக்கலம் பெற்ற நாட்டு நாய்களிடம் இக்குணம் மிகுதியாகக் காணப்படுகின்றது. விலை கொடுத்து வாங்கிய சாதி நாய்களிலும் இது இல்லாமல் இல்லை.

இது நாயின் குற்றமும் அன்று. வளர்ப்பவரின் செல்லத்தால் வந்த கேடும் அன்று. ஸ்காட், ஃபுல்லர் என்ற இரு அமெரிக்க அறிஞர்கள் பல்லாண்டுகள் நாய்க்குட்டிகளை ஆராய்ந்து 1965-இல் ஒரு நூல் வெளியிட்டனர். குட்டி பிறந்த 3-ஆம் வாரம் முதல் ஏறத்தாழ 12-ஆம் வாரம் வரையில் எவற்றோடு பழகுகிறதோ, அவற்றை அது பின்னாளில் இயல்பாக ஏற்கும் என்பதும், அப்பருவத்தில் காணாதவற்றைக் கண்டு பிற்காலத்தில் அஞ்சும் என்பதும் அவர்கள் ஆராய்ச்சியின் சாரம். மூன்றாம் மாடியில் வளர்ந்த குட்டி எருமையைக் கண்டு நடுங்குவதில் வியப்பென்ன? மேலும், மனிதச் செவி விநாடிக்கு 20,000 அதிர்வுகள் வரையே கேட்கும். நாயின் செவியோ 45,000 அதிர்வுகளையும் எட்டும். மோப்பத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை. நமக்குப் புலப்படாத மந்தை ஒன்று மேட்டுக்கு அப்பால் வருகின்றதென்றால், நாய் அதை முன்னரே அறிந்துகொண்டு அஞ்சத் தொடங்கிவிடுகின்றது. நாமோ காரணம் தெரியாமல் அதை இழுக்கிறோம்.

அச்சம் மூன்று வடிவில் வெளிப்படும். ஒன்று, அசையாது நிற்றல், இரண்டு, ஓடுதல், மூன்று, குரைத்துப் பாய்தல். மூன்றாவதைக் கண்டு பலர் ஏமாந்துபோகிறார்கள். ஆட்டைப் பார்த்துச் சீறிப் பாயும் நாயைத் துணிச்சல்காரன் என்று புகழ்கிறார்கள். உண்மையில் அது, தான் அஞ்சும் பொருள் தன்னை விட்டு விலக வேண்டும் என்றே குரைக்கிறது. ஆடு வெருண்டு ஓடியதும், தன் குரைப்புக்குப் பலன் கிடைத்தது என்று கற்றுக்கொள்கிறது. அடுத்த முறை இன்னும் முன்னதாகவே பாய்கிறது. இவ்வாறு மருட்சியே துரத்தும் பழக்கமாக மாறிவிடுவது உண்டு. ஆதலின், கோழை நாய் யாருக்கும் தீங்கு செய்யாது என்று எண்ணி அதைக் கட்டவிழ்த்து விடுவது தகாது.

இவ்வளவு தொல்லை எதற்கு, நாயை வீட்டிலேயே கட்டிவைத்துவிடலாமே என்று சிலர் கேட்கலாம். அதற்கு நாட்டின் சட்டமே விடை கூறுகின்றது. 1960-ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தின் 11-ஆவது பிரிவு, எப்போதும் கட்டியே வைக்கப்படுகிற அல்லது அடைத்தே வைக்கப்படுகிற நாய்க்கு அதன் உரிமையாளர் போதிய நடைப்பயிற்சி அளிக்கத் தவறுவதையும் வதைகளுள் ஒன்றாகவே எண்ணுகின்றது. மறுபுறம், 2024-ஆம் ஆண்டு ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சம்ஹிதையின் 291-ஆவது பிரிவு, தன் வசமுள்ள விலங்கினால் மனித உயிருக்கோ உடலுக்கோ பெருந்தீங்கு நேராதபடி காக்கத் தவறுகிறவருக்கு ஆறு மாதம் வரை சிறையோ, 5,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கின்றது. நாயை வெளியே அழைத்துச் செல்வதும் நம் கடமை. அழைத்துச் செல்லும்போது காப்பதும் நம் கடமை. இவ்விரண்டையும் ஒருங்கே நிறைவேற்றும் வழியைத்தான் நாம் தேட வேண்டும்.

முதலில் கால்நடையின் பக்கத்திலிருந்து பார்ப்போம். மாட்டின் கண்கள் தலையின் இரு பக்கமும் அமைந்திருப்பதால், அது ஏறக்குறைய 330 பாகை அளவுக்குச் சுற்றிலும் காண வல்லது. நேர் பின்புறம் மட்டுமே அதற்குத் தெரியாத இடம். அந்தத் திசையிலிருந்து திடீரென்று நெருங்கினால் அது உதைக்கும். ஒவ்வொரு மாட்டுக்கும் ஆட்டுக்கும் தன்னைச் சுற்றிக் கண்ணுக்குத் தெரியாத ஒரு வட்டம் உண்டு. அந்நியர் அவ்வட்டத்திற்கு வெளியே நிற்கும்வரை அது தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மேயும். உள்ளே நுழைந்தால் விலகும். விலக வழியில்லையாயின் எதிர்க்கும். நாள்தோறும் மனிதர் கையால் கறக்கப்படும் பசுவுக்கு இவ்வட்டம் மிகச் சிறியது. ஆனால் மனிதருக்கு ஒரு வட்டம், நாய்க்கு வேறொரு வட்டம் என்பதை மறத்தலாகாது. நம்மைத் தொடவிடும் பசு, நம் நாயை இருபது அடிக்குள் வரவிடாது. அதன் கண்ணுக்கு நாய் ஓநாயின் இனமே.

கன்றீன்ற பசுவும் எருமையும் எல்லாவற்றிலும் எச்சரிக்கையானவை. புதிதாய் ஈன்ற பசு, சாதுவென்று ஊரெல்லாம் பெயரெடுத்ததாயினும், கன்றுக்கும் தனக்கும் இடையே நாய் வந்தால் தலை தாழ்த்தி முட்ட வரும். எருமைகள் கூட்டமாக ஒரே நேரத்தில் திரும்பி நின்று நாயை நோக்கி நடந்து வருவதும் உண்டு. தக்காணத்தின் கில்லாரி எருதுகள் வேகத்திற்குப் பெயர் பெற்றவை. புதியவரைக் கண்டால் மிரள்வதிலும் அவை பெயர் பெற்றவையே. வண்டியில் பூட்டிய எருது மிரண்டால், பள்ளத்தில் சாய்வது வண்டி மட்டும் அன்று, அதன் மேல் அமர்ந்திருக்கும் குடும்பமுமாகும்.

செம்மறிகள் எதிர்ப்பதில்லை, ஒன்றோடொன்று நெருங்கித் திரண்டு ஓடும். அதுவே ஆபத்து. ஆட்டின் சினைக்காலம் ஏறத்தாழ 150 நாள். நிறைசினை ஆடு வெயிலில் துரத்தப்பட்டால் சினை கலைந்துபோகலாம்; மந்தை நெருக்கத்தில் குட்டிகள் மிதிபடலாம்; கிணற்றிலோ கால்வாயிலோ விழலாம். நாய் ஒன்றையும் கடிக்கவில்லையே என்று நாம் ஆறுதல் கொள்ளலாம். இழப்போ பல நாள் கழித்து, நாம் பார்க்காத ஓர் இடத்தில் ஆட்டுக்காரருக்கு நேரும். அவருக்கு ஆடுதான் சேமிப்பு. ஆடுதான் மகளின் திருமணச் செலவு. ஆடுதான் மருத்துவச் செலவு. நமக்கு அரைமணி நேர உலா; அவருக்கு ஓராண்டு வருமானத்தில் ஒரு பங்கு. இந்த ஏற்றத்தாழ்வை நினைவிற் கொண்டால் மற்றவை தாமே விளங்கும்.

புனே நகரைச் சுற்றியுள்ள மேட்டு நிலத்தில் நாங்கள் நடந்து பழகியவர்கள். அங்கே தங்கர் என்னும் இடையர் குலத்தார் கறுப்புத் தக்காணச் செம்மறிகளை ஓட்டி வருவதைக் காணலாம். அவ்வாடுகளின் முரட்டுக் கம்பளியில்தான் கொங்கடி என்னும் போர்வை நெய்யப்படுகின்றது. இவர்களுள் பலர் மழைக்காலத்தை மழை குறைந்த கிழக்குப் பகுதியில் கழிக்கின்றனர். மழை ஓய்ந்தபின் மேற்கு நோக்கிப் பயணம் தொடங்கி, மலைத்தொடரைக் கடந்து கொங்கண நாட்டில் இறங்கி, அடுத்த மழைக்கு முன்னர் திரும்புகின்றனர். தட்டுமுட்டுச் சாமான்களும், சில வேளைகளில் இளங்குட்டிகளும் குதிரை முதுகில் வரும். வழியில் அறுவடையான நிலங்களில் இரவில் கிடை போடுவர். ஆட்டுப் புழுக்கை நிலத்துக்கு எரு ஆவதால், உழவர் அதற்குத் தானியமோ பணமோ தருவதுண்டு. ஆகவே நேற்று வெறுமையாய்க் கிடந்த தாள் நிலத்தில் இன்று காலை பல நூறு ஆடுகள் இருக்கலாம். நேற்றைய வழி இன்றும் காலியாக இருக்கும் என்று நம்பி நாயை அவிழ்த்துவிடுதல் கூடாது என்பதற்கு இதைவிடக் காரணம் வேண்டியதில்லை.

கிடையைக் காக்கும் நாய்களைப் பற்றியும் ஒரு சொல். இமயச் சாரலில் கத்தி இடையர்களின் நாய்கள், சிறுத்தையினின்று காக்கும் பொருட்டு முள் பதித்த இரும்புப் பட்டையைக் கழுத்தில் அணிந்திருக்கும். தக்காணத்து நாய்கள் அத்துணைப் பெரியவை அல்ல. ஆயினும் கடமையில் குறைந்தவையும் அல்ல. நம் நாய் அவற்றுக்கு விருந்தாளி அன்று, திருடவந்த ஓநாய். அவை குரைத்துக்கொண்டு எதிர்வந்தால், கல்லெடுப்பதுபோல் குனிவது நம் நாட்டில் எல்லோரும் அறிந்த தந்திரம். ஆனால் அக்குனிவு நம் பக்கத்தில் நிற்கும் மருளும் நாயையே முதலில் நடுங்கச் செய்யும். வந்த வழியே நிதானமாகத் திரும்பிப் போவதே மேல். காவல் நாய்கள் தம் எல்லையோடு நின்றுவிடுவதே பெரும்பாலும் வழக்கம். கிடையை விட்டு நெடுந்தூரம் வருவது அவற்றுக்கு வேலையன்று.

இனி, மருளும் நாயைப் பழக்குவது எங்ஙனம் என்பதைப் பார்ப்போம். மணியோசையையும் உணவையும் சேர்த்துச் சேர்த்து அளித்தால், பின்னர் மணியோசைக்கே நாயின் வாயில் உமிழ்நீர் ஊறும் என்று ரஷ்ய அறிஞர் பாவ்லோவ் காட்டியது யாவரும் அறிந்தது. ஜோசப் வோல்பே என்ற மருத்துவர் 1958-இல் வெளியிட்ட நூலில், அச்சத்திற்கு ஆளான பூனைகளுக்கு, அவை அஞ்சும் இடத்தினின்று விலகிய இடத்தில் உணவளித்து, சிறிது சிறிதாக அவ்விடத்தை நெருங்கச் செய்து, அச்சத்தை நீக்கிய முறையை விளக்கினார். பின்னாளில் மனிதரின் அச்ச நோய்களுக்கும் அம்முறை பயன்பட்டது. நாய்க்கும் அதுவே வழி. அச்சமும் உண்ணும் இன்பமும் ஒரே நேரத்தில் நிறைந்து நிற்பதில்லை. எது வலிதோ அது மற்றொன்றை விலக்கும். ஆதலின் அச்சம் சிறிதாயிருக்கும் தொலைவில் தொடங்க வேண்டும்.

எங்கள் வீட்டு நாய் தெருவிலிருந்து வந்தது. மாட்டுக் கழுத்து மணியின் ஓசைக்கே அது படுத்துவிடும். முதலில் ஒரு மேட்டின் மீது, மந்தை சிறு புள்ளிகளாய்த் தெரியும் தொலைவில் அமர்ந்தோம். மந்தையை அது பார்க்கும் ஒவ்வொரு முறையும் வேகவைத்த ஈரல் துண்டு ஒன்று. பார்வையைத் திருப்பி எங்களை நோக்கினால் இன்னொன்று. அது உண்ண மறுத்த நாளில், தொலைவு போதாது என்று பொருள் கொண்டு பின்வாங்கினோம். உண்ணும் வாய்தான் நம்பத்தக்க அளவுகோல். வாலை உயர்த்துகிறதா, காதை மடக்குகிறதா என்று தேர்ந்து பார்க்கத் தெரியாதவரும், தின்கிறதா இல்லையா என்பதைப் பார்க்கலாம் அன்றோ? பசியிருந்தும் உண்ண மறுக்கும் நாய் கற்கும் நிலையில் இல்லை.

இவ்வாறு ஐந்நூறு அடித் தொலைவு நூறு அடியாகக் குறைய எங்களுக்கு ஒரு கார்காலமும் ஒரு பனிக்காலமும் ஆயின. இதில் அவசரத்திற்கு இடமில்லை. நாளைக்குப் பத்து நிமிடம் போதும். பயிற்சி முடிந்ததும் மந்தை இல்லாத பக்கம் நடந்து, புல்லை மோந்து திரிய விட வேண்டும். மோப்பம் பிடித்துத் திரிவது நாயின் மனத்தை அமைதிப்படுத்தும். பழகட்டும் என்று கயிற்றைப் பிடித்து மாட்டின் அருகே இழுத்துச் செல்வது, நீந்தத் தெரியாதவனைக் கிணற்றில் தள்ளுவதற்கு ஒப்பாகும். சிலர் பிழைத்து வரலாம். பலர் தண்ணீரைக் கண்டாலே ஓடுவர். அடிப்பதும் அதட்டுவதும் அதனினும் கேடு. மாடு வந்தால் அடி விழும் என்று நாய் சேர்த்துக் கற்றுக்கொண்டால், மாட்டின் மீதுள்ள அச்சம் இரட்டிக்கும்.

கயிற்றைப் பற்றியும் சொல்ல வேண்டும். மிரண்ட நாய் பின்னோக்கி இழுத்தால் கழுத்துப்பட்டை தலைவழியே கழன்றுவிடும். மார்பையும் முதுகையும் சுற்றிய பட்டையே தக்கது. கயிறு ஆறடி நீளம் இருந்தால் போதும். தானே சுருண்டு நீளும் உருளைக் கயிறு இத்தகைய இடங்களுக்கு ஆகாது. நாய் ஓடத் தொடங்கியபின் அதை நிறுத்துவது அரிது, கைநழுவி விழுந்தால் அதன் பிடியே நாயின் பின்னால் கடகடவென்று உருண்டு அதை மேலும் துரத்தும். கழுத்தில் நம் தொலைபேசி எண் பொறித்த தகடு ஒன்று இருத்தல் நலம்.

எதிரே மந்தை வந்தால் செய்ய வேண்டியவை சிலவே. வழியை மந்தைக்கு விட்டுவிட வேண்டும். அது அதனுடைய வழி. தடத்தை விட்டு முப்பது நாற்பது அடி விலகி, இயன்றால் ஒரு புதருக்கோ பாறைக்கோ மறைவில் நிற்க வேண்டும். நாய்க்கும் மந்தைக்கும் நடுவில் நாம் நிற்க வேண்டும். கன்றுக்கும் தாய்க்கும் இடையே ஒருபோதும் புகலாகாது. நாயைத் தூக்கித் தோளில் வைத்துக்கொள்வதும் தவறு. மாட்டின் சினம் அப்போது நம்மீதே திரும்பும். மாடு தலையைத் தாழ்த்தி, முன்காலால் மண்ணைப் பறித்து நெருங்குமாயின், ஓடாமல் பக்கவாட்டில் விலகிச் செல்ல வேண்டும். அது பாய்ந்தே வந்தால் கயிற்றை விட்டுவிடுவதே அறிவுடைமை. மாட்டின் பகை நாயோடுதான். நாய் நம்மைவிட விரைவாக ஓடும். அதைக் கையில் பிடித்திருப்பதனால் இருவருமே அகப்பட்டுக்கொள்வோம். மந்தை கடந்தபின் நாயைத் தேடிக்கொள்ளலாம்.

மேய்ப்பவரிடம் பேசுவது இவை எல்லாவற்றிலும் எளிது. நகரத்தார் பெரிதும் மறப்பதும் அதுவே. அந்தப் பக்கத்துக் கிராமங்களில் முதியவரை ‘மாமா’ என்றும், இளையவரை ‘தாதா’ என்றும், பெண்களை ‘மாவ்ஷி’ என்றும் அழைப்பர். தொலைவிலிருந்தே, “மாமா, எங்கள் நாய் பயந்தது. எந்தப் பக்கம் போகலாம்?” என்று கேட்டால், அவர் கைத்தடியால் ஒரு திசையைக் காட்டுவார், தம் நாய்களையும் அதட்டி நிறுத்துவார். எந்த எருது முட்டும், எந்த ஆடு சினை, எந்தத் தோட்டத்தில் பன்றிக்காக மின்வேலி போட்டிருக்கிறது என்பதெல்லாம் அவருக்கே தெரியும். ஒரு மேய்ப்பரின் பழக்கம் பத்து நூல்களின் அறிவுக்கு ஒப்பானது. நாங்கள் எந்த நாளில் எந்தச் சரிவு காலியாக இருக்கும் என்பதை அவர்களிடம் கேட்டே அறிந்தோம். தீங்கு ஏதும் நேர்ந்துவிட்டால் நின்று, பெயர் சொல்லி, ஈடு செய்ய வேண்டும். நழுவிப்போனவரின் கடனை அடுத்து அவ்வழியே நாயோடு வருகிறவர் தீர்க்க நேரிடும்.

பருவமும் பொழுதும் அறிந்து புறப்படுதல் நன்று. மழைக்காலத்தில் மேய்ச்சல் மிகுதி. மந்தைகள் எங்கும் பரந்திருக்கும். ஆவணி அமாவாசையையொட்டி மராட்டியத்தில் எருதுகளைக் கொண்டாடும் போளா விழா வரும். அன்று கொம்புகளுக்கு வண்ணம் தீட்டி, மணியும் குஞ்சமும் கட்டி, மேளத்துடன் ஊர்வலம் வருவர். அன்று மருளும் நாய் வீட்டில் இருப்பதே இருவகைக்கும் நல்லது. கோடையில் வெயில் ஏறுமுன் திரும்பிவிட வேண்டும். நாய் பெரும்பாலும் மூச்சிரைத்தே உடற்சூட்டைத் தணித்துக்கொள்கிறது. மாலையில், மாடுகள் ஊர் திரும்பும் கோதூளிப் பொழுது கண்ணுக்கு இனியது. ஆனால் எல்லா மந்தையும் ஒரே நேரத்தில் ஒரே வழியில் வரும் வேளை அதுவே. கன்றை நினைத்துப் பால் கட்டிய மடியோடு விரையும் பசுக்களின் குறுக்கே நாயோடு நிற்பது தகாது.

இறுதியாக, கண்ணுக்குத் தெரியாத ஓர் அபாயத்தைச் சொல்லியாக வேண்டும். நாய்க்கும் கால்நடைக்கும் இடையே நோய்கள் போக்குவரத்துச் செய்கின்றன. வெறிநாய்க்கடி நோய் மாட்டையும் ஆட்டையும் மனிதரையும் ஒருங்கே கொல்லும். குறி தோன்றியபின் அதற்கு மருத்துவம் இல்லையென்றே சொல்லலாம். ஆதலின், குட்டிக்கு மூன்று மாதமானதும் தடுப்பூசியும், பிறகு மருத்துவர் கூறும் முறைப்படி ஆண்டுதோறும் ஊசியும் தவறலாகாது. எவரேனும் கடிபட்டால் கடிவாயைச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவி, உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். அறுத்த ஆட்டின் ஈரல், நுரையீரல் ஆகியவற்றில் உள்ள நீர்க்கட்டிகளை நாய் பச்சையாகத் தின்றால், அதன் குடலில் ஒரு சிறு நாடாப்புழு வளரும். அதன் முட்டைகள் நாயின் மலத்தோடு மேய்ச்சல் நிலத்தில் விழுந்து, ஆட்டுக்கும் மனிதருக்கும் அதே கட்டிகளை உண்டாக்கும். நியோஸ்போரா என்னும் நுண்ணுயிர் பசுவின் கருவைக் கலைக்க வல்லது. அது நாயின் மலம் வழியாகப் பரவுவது 1998-இல் உறுதியாயிற்று.

ஆகவே, ஊருக்கு வெளியே எறியப்படும் பிணங்களை நாய் நெருங்கவிடலாகாது. ஒரு காலத்தில் அவற்றைக் கழுகுகள் தின்று தீர்த்தன. மாடுகளுக்குக் கொடுக்கப்பட்ட டைக்ளோபினாக் என்னும் வலிநீக்கி மருந்தினால் கழுகுக் கூட்டங்கள் பெரிதும் அழிந்துபோயின. 2006-இல் கால்நடைகளுக்கு அம்மருந்து தடை செய்யப்பட்டும், அவற்றின் பழைய தொகை திரும்பவில்லை. கழுகுகள் விட்டுச்சென்ற இடத்தில் கட்டுக்கடங்காத நாய்க் கூட்டங்கள் கூடுகின்றன. அத்தகைய இடத்தை வாடையைக் கொண்டே அறிந்து, வேறு வழியே சுற்றிப்போவது நன்று. மேய்ச்சல் நிலத்தில் நம் நாய் கழித்ததை அள்ளி எடுப்பதையும், குடற்புழு மருந்தைக் காலந்தவறாது கொடுப்பதையும் மேய்ப்பருக்கு நாம் செலுத்தும் வரி என்றே கொள்ளலாம்.

இத்தனை கவலையும் ஒரு நாய்க்காகவா என்று கேட்போர்க்கு ஒன்று கூறுவோம். அஞ்சுகிற உயிரை, அது அஞ்சும் பொருளின் அருகே அமைதியாக அமரச் செய்வதற்குப் பொறுமையன்றி வேறு கருவி இல்லை. அப்பொறுமையைக் கற்றவர், தம்மோடு வழியைப் பகிர்ந்துகொள்ளும் மனிதரிடத்தும் அதையே காட்டுவார். ஊருக்கும் நகரத்துக்கும் இடையே உள்ள நிலம் ஆண்டுக்கு ஆண்டு குறுகி வருகின்றது. மேய்வோரும் உலவுவோரும் அதில் இன்னும் நெருங்கியே நடக்க வேண்டியிருக்கும். வழி யாருடையது என்ற வழக்கு எழாமல் இருக்க வேண்டுமானால், பின்னால் வந்தவராகிய நாமே முதலில் விலகி நிற்கப் பழக வேண்டும். ஆறடிக் கயிறும், ஒரு கைப்பிடித் தின்பண்டமும், “எந்தப் பக்கம் போகலாம்?” என்ற ஒரு கேள்வியும் அதற்குப் போதுமானவை.